கடை வாசல் ஒலிபெருக்கியும் கூரைக்கு மேல் பறக்கும் விமானமும்: யாருக்கு எந்தச் சட்டம்?

கடை வாசலில் ஒலிபெருக்கி வைத்து மலிவு விற்பனையை அறிவித்தால் பொலிஸார் வந்து அனுமதிப்பத்திரம் கேட்கலாம். இரவு எட்டு மணிக்கு மில்லை ஓட்டினால் பக்கத்து வீட்டார் பிரதேச சபைக்கு முறைப்பாடு எழுதலாம். ஆனால் நள்ளிரவு இரண்டு மணிக்கு வீடே அதிரும்படி கூரைக்கு மேலால் ஒரு ஜெட் விமானம் பறந்து போனால் யாரிடம் போய் முறையிடுவது? சிறிய சத்தத்துக்கு இத்தனை சட்டம் இருக்கும்போது பெரிய சத்தத்துக்கு மட்டும் சட்டம் இல்லையா?

கட்டுநாயக்க, இரத்மலானைப் பக்கங்களில் வசிப்பவர்கள் மட்டும் கேட்கும் கேள்வி அல்ல இது. சத்தம் எழுப்பித்தான் நம்மில் பலர் தொழில் செய்கிறோம். மரக்காலை, அரைக்கும் மில், தகரப் பட்டறை, கடைக்குப் பின்னால் இருக்கும் ஜெனரேட்டர் எல்லாம் சத்தம் போடுபவைதான். அதேவேளை நமது சரக்குகள் சில விமானத்தில்தான் போகின்றன, வருகின்றன. ஆகவே சத்தத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் யார் கையில் உள்ளது, அதனால் வரும் நஷ்டத்தை யார் தாங்குவது என்பதை வியாபாரி அறிந்து வைத்திருப்பது நல்லது.

டெசிபல் கணக்கு

முதலில் அளவுகோலைப் புரிந்துகொள்வோம். சத்தத்தை அளப்பது டெசிபல் என்ற அலகினால். இந்தக் கணக்கு கிலோ, மீற்றர் போன்றதல்ல. 60 டெசிபல் சத்தம் போடும் ஒரு ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் அதே போன்ற இன்னொன்றை வைத்தால் 120 டெசிபல் ஆகாது. 63 தான் ஆகும். அதாவது ஒலிச் சக்தி இரண்டு மடங்காகும்போது 3 டெசிபல் கூடுகிறது. 10 டெசிபல் கூடினால் ஒலிச் சக்தி பத்து மடங்கு. மனிதக் காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும்.

இதனால்தான் "இரண்டு மூன்று டெசிபல்தானே கூட" என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. மறுபக்கத்தில் நமக்கு ஒரு வசதியும் உண்டு. திறந்த வெளியில் சத்தம் வரும் இடத்திலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். வேலியிலிருந்து ஐந்து மீற்றரில் இருக்கும் ஜெனரேட்டரைப் பத்து மீற்றருக்கு நகர்த்தினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடக் கூடும்.

நமது நாட்டு விதிகள்

இலங்கையில் சத்தம் தொடர்பான பிரதான விதிகள் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996 மே மாதம் வர்த்தமானியில் வெளியிடப்பட்டன. அவை பிரதேசங்களைப் பிரித்து அளவு விதித்தன. பிரதேச சபைப் பகுதிகள் குறைந்த சத்தப் பகுதிகள். அங்கு பகலில் 55, இரவில் 45 டெசிபல். மாநகர சபை, நகர சபைப் பகுதிகளில் பகலில் 63, இரவில் 50. ஏற்றுமதி வலயங்கள், கைத்தொழில் பேட்டைகளில் பகலில் 70, இரவில் 60. நீதிமன்றம், வைத்தியசாலை, பொது நூலகம், பாடசாலை போன்றவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள் அமைதி வலயம். அங்கு பகலில் 50, இரவில் 45.

இங்கு பலர் கவனிக்காத விடயம் ஒன்று உண்டு. இந்த விதிகளில் பகல் என்பது காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரைதான். மாலை 6 மணி அடித்ததும் இரவுக் கணக்கு தொடங்கிவிடுகிறது. கடை ஒன்பது மணி வரை திறந்திருக்கிறது, ஊரும் விழித்துத்தான் இருக்கிறது என்பது வாதம் அல்ல. கட்டட நிர்மாண வேலைகளுக்கு மட்டும் வேறு கணக்கு. அவற்றுக்குப் பகல் இரவு 9 மணி வரை நீடிக்கிறது. பகலில் 75, இரவில் 50 டெசிபல் என்பது அதற்கான அளவு.

இன்னொரு முக்கியமான விடயம் அளக்கும் இடம். சத்தம் எழும் காணியின் எல்லையில்தான் இந்த அளவுகள் பொருந்துகின்றன. இயந்திரத்தின் பக்கத்தில் நின்று அளப்பதில்லை. இதை நினைவில் வைத்திருங்கள், விமான விடயத்துக்கு வரும்போது தேவைப்படும்.

இவற்றோடு வேறு மூன்று கதவுகளும் உண்டு. முதலாவது, சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம். பட்டியலிடப்பட்ட தொழில்களை அது இல்லாமல் நடத்த முடியாது. பெரிய தொழில்களுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையும், சிறிய தொழில்களுக்கு உள்ளூராட்சி மன்றமும் வழங்கும். சத்தத்துக்கான நிபந்தனைகளும் அதில் இருக்கும். இரண்டாவது, 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவையின் 98ஆம் பிரிவு. பொதுத்தொல்லையை நீக்கும்படி நீதவான் கட்டளையிட அது இடமளிக்கிறது. மூன்றாவது, ஒலிபெருக்கி அனுமதி தொடர்பான பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவு.

இந்த 80ஆம் பிரிவு நமது சமூகத்துக்கு நன்கு அறிமுகமானது. வெலிகம, கபுவத்தை முஹியத்தீன் ஜும்ஆப் பள்ளிவாசல் நம்பிக்கையாளர்கள் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பாகத் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவில் உயர் நீதிமன்றம் 2007 நவம்பர் 9ஆம் திகதி தீர்ப்பளித்தது. அப்போதைய பிரதம நீதியரசர் சரத் என். சில்வா அந்தத் தீர்ப்பில் நாடு முழுவதற்கும் பொருந்தும் வழிகாட்டல்களை வகுத்தார். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக் கூடாது என்பது பொது விதி. விசேட நிகழ்வுகளுக்கு மட்டுமே நிபந்தனைகளுடன் மட்டுப்படுத்தப்பட்ட அனுமதி. பகலிலும் அயலவருக்குத் தொந்தரவு இல்லாத வகையில்தான் அனுமதி. பள்ளிவாசல், பன்சலை, கோவில், தேவாலயம், வியாபார விளம்பரம் என்ற வேறுபாடு இதில் இல்லை.

ஆக, தரையில் எழும் சத்தத்துக்குப் பொறுப்பாளி யார், அளவு என்ன, எங்கே முறையிடுவது என்பதெல்லாம் தெளிவாகவே இருக்கின்றன. இனி வானத்தைப் பார்ப்போம்.

விமானம் ஏன் இந்த வலையில் சிக்குவதில்லை?

காணியின் எல்லையில் அளப்பது என்ற விதி பறக்கும் விமானத்துக்கு எப்படிப் பொருந்தும்? அதற்குக் காணியும் இல்லை, வேலியும் இல்லை. ஐந்து நிமிடத்தில் நாலைந்து உள்ளூராட்சி மன்றங்களைத் தாண்டிப் போய்விடுகிறது. ஒரு சபை இரவு 10 மணிக்குத் தடை, அடுத்த சபை 11 மணிக்குத் தடை என்று தனித்தனியாகச் சட்டம் போட்டால் விமானி எந்தச் சட்டத்தைப் பார்த்துப் பறப்பது? லண்டனிலோ டுபாயிலோ புறப்பட்ட விமானம் இங்கு வந்து இறங்கும் நேரத்தை ஒரு சபை எப்படித் தீர்மானிப்பது?

இந்தக் காரணங்களால் உலகின் பெரும்பாலான நாடுகளில் விமானம் தேசிய அரசின் கையிலும் சர்வதேச உடன்படிக்கையின் கையிலும்தான் இருக்கிறது. இலங்கையிலும் 2002ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையே இதற்குப் பொறுப்பு. ஆனால் அதிகாரம் மேலே போய்விட்டால் கீழே இருப்பவனின் நஷ்டம் என்னாவது? இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவாகப் பதில் தேடிய நாடு அமெரிக்கா. அங்கு நடந்த மூன்று வழக்குகள் எந்த வியாபாரிக்கும் எளிதில் விளங்கக் கூடியவை.

கோழிப் பண்ணைக்காரரின் வழக்கு

வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ நகருக்கு வெளியே கோஸ்பி என்ற குடும்பத்தினர் மூன்று ஏக்கருக்கும் குறைந்த காணியில் கோழி வளர்த்து வந்தனர். பக்கத்தில் இருந்த சிறிய விமான நிலையத்தை இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், அமெரிக்க இராணுவம் பயன்படுத்தத் தொடங்கியது. குண்டுவீச்சு விமானங்களும் போர் விமானங்களும் இறங்கும் பாதை பண்ணைக்கு நேர் மேலே அமைந்தது. பாதை காணிக்கு மேல் 83 அடி உயரத்தில் இருந்தது. வீட்டுக் கூரைக்கும் அதற்கும் இடையில் 67 அடிதான். மிக உயரமான மரத்துக்கும் விமானத்துக்கும் இடையில் 18 அடி மட்டுமே.

சத்தத்துக்கும் வெளிச்சத்துக்கும் மிரண்ட கோழிகள் சுவரில் மோதிச் செத்தன. ஒரே நாளில் ஆறு முதல் பத்துக் கோழிகள் செத்த நாட்களும் உண்டு. மொத்தமாக ஏறக்குறைய 150 கோழிகள் போயின. மிஞ்சியவற்றின் உற்பத்தியும் குறைந்தது. கடைசியில் பண்ணைத் தொழிலையே கைவிட வேண்டியதாயிற்று. குருநாகல், புத்தளம் பக்கங்களில் கோழிப் பண்ணை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இந்த நஷ்டத்தின் வலி புரியும்.

வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை போய் 1946இல் தீர்ப்பானது. நிலத்தின் சொந்தக்காரன் அதற்கு மேலே உள்ள ஆகாயம் முழுவதற்கும் சொந்தக்காரன் என்பது ஆங்கிலேயச் சட்டத்தின் பழைய கோட்பாடு. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதை ஏற்றால் நாட்டைக் கடக்கும் ஒவ்வொரு விமானத்தின் மீதும் எண்ணற்ற வழக்குகள் வரும் என்றது. ஆனால் நிலத்துக்கு நெருக்கமான வான்வெளி நிலத்தைப் பயன்படுத்துவதற்கு அவசியமானது என்றும், அந்த உயரத்தில் அடிக்கடி பறந்து நிலத்தைப் பயனற்றதாக்கினால் அது நிலத்தின் ஒரு பகுதியை அரசு எடுத்துக்கொள்வதற்குச் சமம் என்றும் தீர்ப்பளித்தது. எடுத்துக்கொண்டால் நட்டஈடு கொடுக்க வேண்டும். இதுதான் முதல் படி.

பணம் கட்டுவது யார்?

அடுத்த வழக்கு 1962இல் வந்தது. பிட்ஸ்பேர்க் நகரின் விமான நிலையத்தை அலகேனி என்ற மாவட்ட நிர்வாகம் நடத்தி வந்தது. ஓடுபாதைக்கு நேரே இருந்த கிரிக்ஸ் என்பவரின் வீட்டுக்கு மேலால் விமானங்கள் மிகத் தாழ்வாகப் பறந்தன. ஜன்னல்கள் அதிர்ந்தன. சுவரிலும் சீலிங்கிலும் இருந்த சாந்து உதிர்ந்து விழுந்தது. தூங்க முடியாமல் அந்தக் குடும்பம் வீட்டை விட்டு வெளியேறியது.

இங்கு கேள்வி, நட்டஈட்டை யார் கொடுப்பது என்பது. விமானம் ஓட்டியது விமான நிறுவனங்கள். பறக்கும் பாதைக்கு விதி போட்டது சமஷ்டி அரசு. ஆனால் நீதிமன்றம் மாவட்ட நிர்வாகத்தைத்தான் பிடித்தது. விமான நிலையம் எங்கே, ஓடுபாதை எந்தத் திசையில், அதற்கு எவ்வளவு நிலம் என்று தீர்மானித்தது மாவட்டம். ஓடுபாதைக்கு நிலம் வாங்கியவர் அதை நெருங்கிவரும் பாதைக்குத் தேவையான வான்வெளியையும் பணம் கொடுத்து வாங்கியிருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். கடை கட்டுபவர் கடைக்குப் போகும் பாதைக்கும் சேர்த்துத்தான் பணம் கட்ட வேண்டும் என்று நாம் சொல்வதைப் போன்றது இது.

ஞாயிறு இரவு ஒரு விமானம்

மூன்றாவது வழக்குதான் உள்ளூர்ச் சட்டத்தின் எல்லையைக் காட்டியது. கலிபோர்னியாவில் பர்பாங்க் என்ற நகரின் சபை 1970இல் ஓர் உபவிதி இயற்றியது. இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை அங்குள்ள விமான நிலையத்திலிருந்து ஜெட் விமானங்கள் கிளம்பக் கூடாது என்பது விதி. உண்மையில் அதனால் பாதிக்கப்பட்ட ஒழுங்கான சேவை ஒன்றே ஒன்றுதான். ஞாயிறு தோறும் இரவு 11.30க்கு சான் டியாகோ நகருக்குப் புறப்படும் விமானம் அது. அந்த விமான நிலையம் அப்போது லொக்ஹீட் என்ற தனியார் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தது.

வாரத்தில் ஒரு விமானத்துக்காகத் தொடங்கிய இந்தப் பிரச்சினை 1973இல் உயர் நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் முடிந்தது. சபை தோற்றது. விமானப் போக்குவரத்தை முழுமையாகச் சமஷ்டி அரசு கையில் எடுத்துக்கொண்டுள்ளது, ஒவ்வொரு நகரமும் இப்படி நேரத்தடை போட்டால் தடைக்கு முன்னும் பின்னும் விமானங்கள் குவிந்து நெரிசல் வரும், பாதுகாப்பும் ஒழுங்கும் கெடும் என்பது பெரும்பான்மை நீதியரசர்களின் கருத்து. எதிர்த்த நால்வரோ, ஊர் மக்களின் அமைதியைக் காப்பது காலங்காலமாக ஊர்ச் சபைகளின் வேலை, அதைப் பறிக்கும் நோக்கம் சட்டத்தில் தெளிவாக இல்லை என்றனர்.

இதில் ஒரு விசேடம் உண்டு. மூன்று வழக்குகளிலும் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ஒரே நீதியரசர், வில்லியம் டக்ளஸ். மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் கணக்கு இப்படி வருகிறது. நஷ்டப்பட்டவனுக்கு நட்டஈடு உண்டு. அதைக் கட்டுவது விமான நிலையத்தை நடத்துபவர். ஆனால் விமானத்துக்கு உத்தரவிடும் அதிகாரம் ஊருக்கு இல்லை.

திறந்து வைத்த ஒரு ஜன்னல்

பணத்தைக் கட்டுபவருக்கு அதிகாரமே இல்லை என்றால் அது எப்படி நியாயம்? நீதிமன்றமும் இதை உணர்ந்தே இருந்தது. ஒரு நகரம் தானே விமான நிலையத்தின் சொந்தக்காரராக இருந்தால் என்ன உரிமை என்பதை 1973 தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்றில் முடிவு செய்யாமல் விட்டது. சந்தைக் கட்டடத்தின் சொந்தக்காரர் கடை திறக்கும் நேரத்தை நிர்ணயிக்கலாம் அல்லவா, அதுபோல. இந்த ஜன்னல் வழியாகப் பல விமான நிலையங்கள் தாமே நேரத்தடை போட்டன. கலிபோர்னியாவின் ஜோன் வெய்ன் விமான நிலையத்தில் வணிக விமானங்கள் இரவு 10 மணிக்குப் பிறகு புறப்பட முடியாது. காலை 7 மணிக்குத்தான் மீண்டும் தொடங்கலாம். ஞாயிற்றுக்கிழமை 8 மணி.

ஆனால் சொந்தக்காரருக்கும் வரம்பு உண்டு. நியூயோர்க் துறைமுக அதிகாரசபை 1976இல் கொன்கோர்ட் விமானத்துக்குத் தடை விதித்து, முடிவெடுக்காமல் இழுத்தடித்தது. இப்படிக் காலம் கடத்துவது நியாயமற்றது என்று நீதிமன்றம் சொன்ன பிறகு 1977 நவம்பரில் கொன்கோர்ட் அங்கே சேவையைத் தொடங்கியது.

பிறகு 1990இல் அமெரிக்க காங்கிரஸ் இந்த ஜன்னலையும் பெருமளவு மூடியது. அதிக சத்தமுள்ள பழைய பெரிய ஜெட் விமானங்கள் 1999 இறுதிக்குள் ஒழிக்கப்பட வேண்டும் என்றது. அது மக்களுக்குக் கிடைத்த இலாபம். அதற்கு ஈடாக, புதிய தரத்திலான விமானங்களுக்கு எந்த விமான நிலையமும் தன்னிச்சையாகப் புதிய தடை போட முடியாது, சமஷ்டி நிர்வாகத்தின் அங்கீகாரம் அல்லது விமான நிறுவனங்களின் சம்மதம் வேண்டும் என்றது. 1990க்கு முன் இருந்த தடைகள் மட்டும் தப்பின. ஜோன் வெய்ன் தப்பியது இப்படித்தான்.

பர்பாங்க் விமான நிலையம் 1978இல் மூன்று நகரங்கள் சேர்ந்து அமைத்த அதிகாரசபைக்கு மாறியது. பல வருட ஆய்வுக்குப் பிறகு அந்த அதிகாரசபை இரவுத் தடைக்கு முறைப்படி விண்ணப்பித்தது. 2009இல் அதுவும் நிராகரிக்கப்பட்டது. நியூயோர்க்கின் ஈஸ்ட் ஹம்டன் என்ற செல்வந்தர்களின் கடற்கரை ஊர் 2015இல் ஹெலிகொப்டர் சத்தத்துக்கு எதிராகப் போட்ட உபவிதிகளை 2016இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் செல்லாதவையாக்கியது. முறைப்படியான நடைமுறையைப் பின்பற்றவில்லை என்பதே காரணம். பணமும் செல்வாக்கும் இருந்தும் நடைமுறையைத் தாண்ட முடியவில்லை.

பொம்மை விமானத்துக்குச் சட்டம், ஜம்போவுக்கு இல்லை

பிரித்தானியா வேறு வழியில் போனது. அங்கு 1920ஆம் ஆண்டிலிருந்தே, விதிகளுக்கு அமைய நியாயமான உயரத்தில் பறக்கும் விமானத்தின் மீது அத்துமீறல் என்றோ தொல்லை என்றோ வழக்குப் போட முடியாது. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் 76ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. அங்குள்ள உள்ளூர்ச் சபைகள் 1990ஆம் ஆண்டுச் சுற்றாடல் சட்டத்தின் கீழ் சத்தத் தொல்லைக்கு நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் அதில் விமானச் சத்தம் விலக்கப்பட்டுள்ளது, மாதிரி விமானங்களைத் தவிர! அதாவது சிறுவர்கள் மைதானத்தில் பறக்கவிடும் விளையாட்டு விமானத்தைச் சபை நிறுத்தலாம். ஜம்போ ஜெட்டை நிறுத்த முடியாது.

அதற்குப் பதிலாக மத்திய அரசே பெரிய விமான நிலையங்களில் இரவு விமானங்களை எண்ணிக் கட்டுப்படுத்துகிறது. ஹீத்ரோவில் இரவு 11.30 முதல் காலை 6 மணி வரை வருடத்துக்கு 5,800 விமானங்கள் என்ற வரம்பு உண்டு. அதோடு 1993 முதல் ஒவ்வொரு விமான வகைக்கும் சத்தத்துக்கு ஏற்பப் புள்ளி உண்டு. சத்தமானது அதிகப் புள்ளியைத் தின்னும். அமைதியான விமானம் வாங்கிய நிறுவனம் அதே புள்ளிகளில் கூடுதலான சேவை நடத்தலாம். வியாபாரியின் மூளைக்குப் பிடித்த விதி இது. தடையைவிட இலாப நோக்கத்தைக் கொண்டே சத்தத்தைக் குறைப்பது.

ஹீத்ரோ வாசிகள் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை போனார்கள். 2001இல் வென்றார்கள். 2003இல் அதே நீதிமன்றத்தின் பெரிய ஆயம் அதை மாற்றியது. நாட்டின் பொருளாதார நலனுக்கும் வாசிகளின் தூக்கத்துக்கும் இடையில் அரசு எடுத்த சமநிலை வரம்பு மீறியதல்ல என்றது. ஆனால் உள்நாட்டில் முறையிட அவர்களுக்குச் சரியான வழி இருக்கவில்லை என்பதை ஏற்றுக்கொண்டது.

சரக்கு விமானமும் இரவுத் தடையும்

இதுவரை சத்தத்தால் பாதிக்கப்படுபவர் பக்கம் பார்த்தோம். சரக்கு அனுப்புபவர் பக்கமும் ஒரு கதை உண்டு. சரக்கு விமானங்கள் பெரும்பாலும் இரவில்தான் பறக்கும். பகலில் ஏற்றுமதியாளர் பொருளைத் தயார் செய்வார், இரவில் பறக்கும், காலையில் மறுநாட்டுச் சந்தையில் இருக்கும். ஜேர்மனியின் பிராங்பேர்ட் விமான நிலையத்தில் புதிய ஓடுபாதை திறக்கப்பட்ட 2011 ஒக்டோபரில் இரவு 11 முதல் காலை 5 மணி வரை நீதிமன்றம் தடை விதித்தது. 2012இல் உயர்மட்ட நிர்வாக நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அங்கே தலைமைத்தளம் வைத்திருந்த சரக்கு விமான நிறுவனம் தன் நேர அட்டவணைகளை மாற்றி அமைக்க வேண்டியதாயிற்று. சிட்னியில் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி இரவு 11 முதல் காலை 6 வரை தடை. சத்தம் குறைந்த சிறிய சரக்கு விமானங்கள் சிலவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு.

எங்கோ ஓர் ஊரின் தூக்கத்துக்காகப் போட்ட தடை இங்கிருந்து மரக்கறியும் மீனும் அனுப்புபவரின் நேரத்தையும் கட்டணத்தையும் தொடுகிறது. சரக்கு தாமதித்தால் போய்ச் சேரும் இடத்தில் இரவுத் தடை இருக்கிறதா என்று முகவரிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

உலக விதி

எல்லா நாடுகளுக்கும் பொதுவாக, 1944ஆம் ஆண்டு சிக்காகோ உடன்படிக்கையின் கீழ் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இயங்குகிறது. அதன் 16ஆம் இணைப்பு 1971இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு, விமானத் தயாரிப்பாளர்களுக்குச் சத்த வரம்பு விதித்தது. அந்த வரம்பு காலத்துக்குக் காலம் இறுக்கப்பட்டு வந்துள்ளது. 2001இல் அந்த அமைப்பு நான்கு வழிகளைக் கொண்ட சமநிலை அணுகுமுறையை வகுத்தது. முதலாவது, அமைதியான இயந்திரம். இரண்டாவது, விமான நிலையத்தைச் சூழ உள்ள நிலப் பயன்பாட்டைத் திட்டமிடுவது. மூன்றாவது, ஏறும் இறங்கும் முறைகளைச் சீர்செய்வது. நான்காவதுதான் நேரத்தடை போன்ற கட்டுப்பாடுகள். அதை முதல் ஆயுதமாக எடுக்கக் கூடாது என்றும் சொன்னது.

இந்த நான்கில் உள்ளூர்ச் சபையின் கையில் இருப்பது இரண்டாவது மட்டும். விமானத்தைத் தடுக்க முடியாத சபை, ஓடுபாதையின் நேர்கோட்டில் பாடசாலையும் வீட்டுத்திட்டமும் எழுவதைத் தடுக்கலாம். களஞ்சியம், தொழிற்சாலை, வாகனத் தரிப்பிடம் போன்றவற்றுக்கு அந்த நிலத்தை ஒதுக்கலாம். ஊரின் உண்மையான அதிகாரம் நிலத்தில்தான் இருக்கிறது.

நமக்குரிய பாடங்கள்

ஒன்று, விமான நிலையத்துக்கு அருகில் காணி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், ஓடுபாதை எந்தத் திசையில் நீள்கிறது என்று முதலில் பாருங்கள். நேர்கோட்டில் இருக்கும் காணியும் பக்கவாட்டில் இருக்கும் காணியும் ஒன்றல்ல. பகலில் மட்டும் போய்ப் பார்க்காமல் ஓர் இரவும் அங்கே நின்று பாருங்கள். அமெரிக்காவில் விமானச் சத்தத்தைக் கணக்கிடும்போது இரவு 10 முதல் காலை 7 வரை பறக்கும் ஒரு விமானத்தைப் பகலில் பறக்கும் பத்து விமானங்களுக்குச் சமமாக எடுக்கிறார்கள். இரவுச் சத்தத்தின் பாரம் அவ்வளவு. கட்டடத்தின் உயரத்துக்கும் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி தேவைப்படலாம்.

இரண்டு, அந்த இடத்துக்கு எந்தத் தொழில் பொருந்தும் என்று யோசியுங்கள். சீமெந்து, இரும்பு, ஓடு ஆகியவற்றுக்கான களஞ்சியத்துக்குச் சத்தம் ஒரு பொருட்டல்ல. கோழிப் பண்ணைக்கும் விருந்தினர் விடுதிக்கும் டியூஷன் வகுப்புக்கும் அது பெரும் நஷ்டம்.

மூன்று, நமது சொந்தச் சத்தத்தை நாமே அளந்து கொள்வோம். மாலை 6 மணிக்குப் பிறகு உங்கள் வேலியில் நின்று கேளுங்கள். ஜெனரேட்டருக்கு மூடு பெட்டி போடுவது, அதை வேலியிலிருந்து தள்ளி வைப்பது, லொறியில் சாமான் ஏற்றி இறக்குவதை இரவிலிருந்து பகலுக்கு மாற்றுவது ஆகியவை வழக்குச் செலவை விட மலிவானவை. சுற்றாடல் அனுமதிப்பத்திரம் எடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் அப்போது நடைமுறையில் உள்ள அளவுகளைச் சபையிலோ மத்திய சுற்றாடல் அதிகாரசபையிலோ எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

நான்கு, பாதிக்கப்பட்டால் எழுதி வையுங்கள். கோழிப் பண்ணைக்காரர் வெறுமனே "சத்தம் தாங்க முடியவில்லை" என்று நீதிமன்றத்துக்குப் போகவில்லை. எத்தனை அடி, எத்தனை கோழி, எவ்வளவு நஷ்டம் என்று கணக்கோடு போனார். திகதி, நேரம், நஷ்டத் தொகை என்று ஒரு கொப்பியில் பதிந்தால் அதற்குப் பெறுமதி உண்டு.

ஐந்து, சரியான கதவைத் தட்டுங்கள். மில் சத்தத்துக்கு பிரதேச சபை, ஒலிபெருக்கிக்கு பொலிஸ், விமானத்துக்கு விமானப் போக்குவரத்து அதிகாரசபை. பர்பாங்க் நகரசபை செய்ததைப் போலக் கையில் இல்லாத அதிகாரத்தைப் பயன்படுத்தப் போனால் வருடங்களும் பணமும்தான் செலவாகும்.

விமானத்தின் சத்தம் நமது கையில் இல்லை. ஆனால் நமது மில்லினதும் ஜெனரேட்டரினதும் கடை ஒலிபெருக்கியினதும் சத்தம் முழுமையாக நமது கையில்தான் இருக்கிறது. மாலை 6 மணிக்குப் பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளை பாடம் படிப்பதும் நோயாளி கண்ணயர்வதும் நமது சுவிச்சில் தங்கியிருக்கின்றன. அந்தக் கணக்கையும் வியாபாரக் கணக்கோடு சேர்த்துப் போடுவோம்.